முதல் கியரில் போன செய்தி

மார்ச் 3

அக்காவுக்கு,

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். பயப்படாதே. பக்கத்துக் கட்டில் சமையல்காரர் எழுதுகிறார். அவருக்கு இடுப்புக்குக் கீழேதான் பிரச்சினை, கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. எனக்குக் கழுத்துக்குக் கீழே மொத்தமும் பிரச்சினை. போனில் பேசினால் என் குரல் உனக்குக் கேட்பதில்லை. "என்னடா? சத்தமா பேசுடா" என்று கத்துகிறாய். ஊருக்கே மைக் பிடிக்கிறவள் நீ, உன் அளவுக்கு எனக்கு எங்கே வரும்? (பக்கத்திலேயே இருக்கிற எனக்கே பாதிதான் கேட்கிறது. மீதியை உதட்டைப் பார்த்து எழுதுகிறேன். - சமையல்காரர்)

இங்கே விட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் யாராவது வரும்வரை அது அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. நரம்பு திரும்ப வளரும், அதுவரை தசை வீணாகாமல் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டால், "அதை உங்க நரம்பைத்தான் கேக்கணும்" என்று சிரிக்கிறார். காய்ச்சல் விட்ட மறுநாள் செருப்பு மாட்டக் குனிந்தவன் நான். இன்னும் நிமிரவில்லை. இதில் என்ன சிரிப்பு?

நேற்று கணக்குப் பிரிவு அம்மா வந்து என் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனார். கணக்குப் பிரிவிலிருந்து வந்து தலையணையைச் சரிசெய்தால் என்ன அர்த்தம் என்று சமையல்காரர் விளக்கினார். அடுத்த மாதக் கட்டணம் எங்கே என்று அர்த்தமாம்.

அதனால் சொல்கிறேன். என் பேரைச் சொல்லி உண்டியல் குலுக்காதே. நம் அறிவிப்பு வண்டியை நான் மெதுவாக ஓட்டுவதால் ஆமை, ஆமை என்று கூப்பிட்டுச் சிரித்த தெருக்கள் அவை. அதே வாயால் "ஐயோ பாவம்" என்று சொல்வதை என்னால் கேட்க முடியாது.

வண்டி எப்படி இருக்கிறது? வெயிலில் நிறுத்தாதே. நான் வந்து உட்காரும்போது அது நான் விட்ட மாதிரியே இருக்க வேண்டும்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சமையல்காரர் நுழைத்த வரிகளுக்கு மட்டும் சிரித்தாள். மற்றதற்கு முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

உண்டியல் குலுக்காதே என்கிறாய். வீட்டைத் தலைகீழாகக் குலுக்கினாலும் விழ ஒன்றுமில்லையே, என்ன செய்யட்டும்? உன்னை அந்த மறுவாழ்வு மையத்தில் சேர்க்கவே அம்மாவின் வளையல் போயிற்று. இனி மாதா மாதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் உன்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் நாலு வரியில் திட்டிவிட்டு மேலே படி.

செருப்புக்கடை முதலாளியிடம் போனேன். அவர் கடைத் தள்ளுபடியை எத்தனை வருஷமாக நான் கூவ, நீ ஓட்ட, தெருத்தெருவாகக் கொண்டுபோயிருக்கிறோம்! டீ வாங்கிக் கொடுத்து, "பாக்கலாம்மா" என்றார். ஜவுளிக்கடைக்காரர் அந்த டீயும் வாங்கித் தரவில்லை. டீக்கடையில் ஒரு டப்பா வைத்தேன், உன் படத்தை ஒட்டி. வண்டிமேல் சாய்ந்துகொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்பாயே, அந்தப் படம். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கொஞ்சம் சில்லறையும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. டீக்கடைக்காரர் சொல்கிறார்: "படத்துல இப்படிச் சிரிச்சிட்டு இருந்தா யார் போடுவாங்க? நல்லாத்தானே இருக்கான்னு போயிடறாங்க." நீ வாழ்க்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படமாவது எடுத்திருக்கிறாயா? தேடிப் பார்த்தேன், இல்லை.

யோசித்துப் பார்த்தேன். ஊரில் எவன் கடை திறந்தாலும், எவன் வீட்டில் யார் தவறினாலும் என் குரல்தான் போய்ச் சொல்கிறது. என் தம்பிக்காக அது வாயை மூடிக்கொண்டிருப்பதா? ஒரு அறிவிப்பு பதிவு செய்யப் போகிறேன். ஓட்டுவதற்கு எதிர்வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் வருகிறார். ஓய்வுபெற்று வருஷமாயிற்று, ஆனால் மனுஷன் இன்னும் பின்னால் உயிர் ஊசலாடுகிற மாதிரியே ஓட்டுகிறார். போன வாரம் தள்ளுபடி அறிவிப்பில் "வாங்க" ஒரு தெருவிலும் "வாங்க" அடுத்த தெருவிலும் விழுந்தன. மெதுவாக, மெதுவாக என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

வண்டி நிழலில்தான் நிற்கிறது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

என்ன செய்து வைத்திருக்கிறாய்?

இன்று காலை மையத்தின் அலுவலகத்துக்கு நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரன் போன் செய்திருக்கிறான். அழுதுகொண்டே, "உடம்பை எப்போ எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டானாம். அலுவலகப் பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, அப்புறம் எழுந்து வந்து என் கட்டிலருகே நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன?" என்றேன். "இல்ல சார், சும்மா" என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடம்பில் வேறு எதுவும் வேலை செய்யாவிட்டாலும் அது செய்கிறது.

ஊர் முழுக்க நான் செத்துவிட்டேன் என்று பேச்சாம். வீட்டு வாசலில் பூவோடு ஆள் நிற்கிறார்களாம். நீ மைக்கைப் பிடித்தபோதே எனக்குத் தெரியும், இப்படி எதையாவது செய்வாய் என்று.

(வலது கட்டை விரல் அசைந்தது. போன வியாழக்கிழமை. அதை முதல் வரியாக எழுதலாம் என்றேன், கோபத்தில் வேண்டாம் என்கிறான். நான் எழுதிவிட்டேன். - சமையல்காரர்)

தம்பி, இன்னும் உயிரோடு


மார்ச் 20

தம்பிக்கு,

கட்டை விரலா! அம்மாவிடம் சொன்னேன். என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள், அதனால் சுவரைப் பார்த்து, "எந்தக் கை?" என்று கேட்டாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

பதிவில் நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. "படுக்கையில் இருக்கும் எங்கள் தம்பி எழுந்து நடக்க உங்கள் உதவி வேண்டும்" என்றுதான் ஆரம்பம். ஆனால் உன்னை நினைத்துக்கொண்டு பேசினேனா, குரல் தானாக இறங்கிவிட்டது. எனக்குத்தான் இரண்டு குரல் ஆயிற்றே, கடைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சிரித்த குரலில் தம்பிக்காகப் பிச்சை கேட்க என்னால் முடியவில்லை. மற்றதை ஆம்புலன்ஸ்காரர் செய்தார். நான் திட்டிய திட்டில் மனுஷன் பயந்துபோய் முழு நேரமும் முதல் கியரிலேயே போயிருக்கிறார். தள்ளுபடிக்குக் கட்டுகிற கலர்த் துணியையும், "இதுக்கு எதுக்கும்மா" என்று அவிழ்த்து வைத்துவிட்டார்.

நம் வண்டி கலர்த் துணி இல்லாமல் முதல் கியரில் போனால் என்ன அர்த்தம் என்று நீயும் நானும்தானே இந்த ஊருக்குப் பழக்கியிருக்கிறோம். வார்த்தையை யார் கேட்டார்கள்? வண்டி வந்த வேகத்தைப் பார்த்தார்கள், என் குரலைக் கேட்டார்கள், தம்பி என்ற சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஜவுளிக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவந்தார். அம்மா கதவைத் திறந்தாள், எதிரே பூவோடு நின்றவர்களைப் பார்த்தாள், வீட்டுக்கு முன்னால் ஊருக்குச் செய்தி போய்விட்டது என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிஷத்துக்காக அவள் என்னை மன்னிக்க மாட்டாள். நானும் கேட்கப்போவதில்லை.

வந்தவர்களிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கையில் உறை உறையாகத் திணித்தார்கள். "பார்க்கலாம்" என்ற செருப்புக்கடை முதலாளி, முகத்தைப் பார்க்காமல், ஒரு தடித்த உறையை வைத்துவிட்டுப் போனார். உயிரோடு இருக்கிற உனக்காகக் கேட்டுக் கேட்டு என் தொண்டை கட்டியது. செத்துவிட்டாய் என்றதும் ஒரே பகலில் உன் மாதக் கட்டணம் வந்துவிட்டது.

பக்கத்துத் தெருக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தூரத்துத் தெருக்களில் சொல்லவில்லை. மறுநாளே பணத்தை மையத்துக்கு அனுப்பிக் கட்டிவிட்டேன். வேண்டுமென்றே செய்தது அல்ல. ஆனால் வந்த பிறகு, விட எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் இந்த மாதங்கள்தான் முக்கியம் என்றாரா இல்லையா? உன் விரல் அசைந்ததா இல்லையா?

அக்கா


மார்ச் 26

அக்கா,

அசைந்த விரலை நான் இனி அசைக்கப் போவதில்லை. என் சாவுக்கு வந்த காசில் எனக்குப் பயிற்சி வேண்டாம். பிசியோ வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். (உண்மை. அந்தப் பெண் கெஞ்சிவிட்டுப் போகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. சோறு மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். - சமையல்காரர்)

நான் திரும்ப வந்து எந்தத் தெருவில் வண்டியைத் திருப்புவது? என்னைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்படுவார்களா, உறையை நினைப்பார்களா? நான் நடந்து வந்தால் ஏமாற்றுக்காரனாக வர வேண்டும், செத்துப்போனால்தான் யோக்கியன். நல்ல ஏற்பாடு செய்திருக்கிறாய்.

போய்ச் சொல். ஒரு தெரு விடாமல். கலர்த் துணி கட்டிக்கொண்டு, இரண்டாவது கியரில். கேட்கிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு. அதுவரை எனக்கு எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். போதுமா?

பதிவு வேண்டாம் என்று நானே முன்சீட்டில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன். கலர்த் துணி கட்டினோம். ஆம்புலன்ஸ்காரரை இரண்டாவது கியரில் வைத்திருப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று. "எங்கள் தம்பி உயிரோடு இருக்கிறான்! நீங்கள் கேட்டது தப்பு, அந்தத் தப்பு என்னுடையது! கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் வண்டிக்கு வரலாம்!" தள்ளுபடிக் குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் சொன்னால் மறுபடி பூ வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பஞ்சர் கடைக்காரன் டயரைப் போட்டுவிட்டு வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆமைகிட்ட சொல்லுக்கா, அவன் வந்ததும் நானே அவனைக் கொல்லப் போறேன்" என்றான். தையல்கார அம்மா, "கொடுத்தது கொடுத்ததுதான், போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சில பேர் சிரித்தார்கள். சில பேர் சிரிக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் நாலு பேர் முன்னால், "சாவுலயுமா வியாபாரம்?" என்று கேட்டார். மைக் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கேட்டது தெருக்கோடிவரை கேட்டது.

திரும்பக் கேட்டவர்கள் நிறையப் பேர். கையில் இருந்தது தீர்ந்ததும் கடன் வாங்கிக் கொடுத்தேன். நீ நிமிர்ந்து வருவதற்கு அது வேண்டும் என்றாய், கொடுத்தாயிற்று. தலை நிமிர்ந்திருக்கிறது, கையில் காசில்லை. மே மாதத்துக்குக் கட்ட வழியில்லை.

இப்போது நான் கேட்கிறேன். செருப்புக்கடை முதலாளி நம் வண்டியை ஸ்பீக்கரோடு சேர்த்து விலைக்குக் கேட்கிறார். நல்ல விலை. நீ எழுந்து நடக்கும்வரை கட்ட அது போதும். வண்டி உன் பேரில் இருக்கிறது. பெயர் மாற்றும் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கைநாட்டு செல்லாதாம், லைசென்ஸில் இருக்கிற மாதிரியே கையெழுத்து வேண்டுமாம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

முடியாது.

கையால் முடியாது என்று சொல்லவில்லை. பயிற்சியை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். பேனாவை விரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், கோழி கிளறிய மாதிரி ஏதோ வருகிறது. மனசால் முடியாது. இங்கே காலையில் கண் விழித்ததும் நான் எதை நினைக்கிறேன் தெரியுமா? நடப்பதை அல்ல. ஸ்டியரிங்கை. பள்ளிக்கூட வளைவில் திரும்பும்போது நீ பேச்சை நிறுத்துவாயே, அந்த இடத்தை. பிசியோ, "மூச்சை இழு, தோளைத் தூக்கு" என்று சொல்லும்போது நான் கியர் மாற்றுகிறேன். அதை விற்றுவிட்டு எதற்காகத் தோளைத் தூக்குவது? நான் எழுந்து நின்று என்ன செய்ய? செருப்புக்கடைக்காரர் வேறு ஆளை வைத்து ஓட்டுவதை நின்றுகொண்டு பார்க்கவா?

மாத முடிவில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. வீட்டில் பயிற்சி செய்துகொள்கிறேன். நீ கையைப் பிடித்து ஆட்டினால் போதும்.

(போதாது. இந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று. சனிக்கிழமை நான் போகிறேன். எனக்கும் பணம் முடிந்துவிட்டது. இனி இவனுக்கு யார் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. உங்கள் கடிதங்கள் நன்றாக இருந்தன அம்மா. - சமையல்காரர்)

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

வீட்டுக்கு வா. மாடிப்படி ஏறி வா. நான் கதவைத் திறக்க மாட்டேன், அம்மாவையும் திறக்க விடமாட்டேன்.

உன்னைத் தூக்கப் போகிறவள் அம்மா. அவள் இடுப்பு இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும். நான் வெளியே போனால்தான் சோறு. பிசியோவுக்கு நாலு வருஷப் படிப்பு, நான் கையைப் பிடித்து ஆட்டினால் போதும் என்கிறாய்! யாருக்குக் காதில் பூ சுற்றுகிறாய்?

வண்டி இல்லாமல் எதற்கு நிற்பது என்று கேட்டாய். அதைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். எனக்கு நீ டிரைவர் இல்லைடா. நீ தானாகத் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டும், மூக்கில் உட்கார்ந்த ஈயை நீயே ஓட்ட வேண்டும், எனக்கு அது போதும். அந்த வண்டியை எனக்குப் பிடிக்காது என்று நினைத்தாயா? உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் அதில்தான். ஆம்புலன்ஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் குரலே எழும்புவதில்லை. நேற்று ஒரு கடைத் திறப்புக்குப் போய்ப் பாதியில் இறங்கி வந்துவிட்டேன்.

விற்க எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் விற்பேன். உன்னால்தான் முடியவில்லை.

அக்கா


மே 2

அக்கா,

இது என் கை. கோணலைப் பார்த்துச் சிரிக்காதே. தினம் கொஞ்சம் எழுதுகிறேன்.

சமையல்காரர் போனார். சனிக்கிழமை காலை. அவர் முழங்கால் நிற்க ஆரம்பித்திருந்தது. கம்பியைப் பிடித்து எழுந்து ஒரு மூச்சு நின்றார். முந்தின நாள்தான். வார்டே பார்த்தது.

அவர் மனைவியும் மச்சானும் வந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "நான் நிப்பேன், கொஞ்சம் இருங்க" என்றார். வேன் காத்திருக்கிறது என்றான் மச்சான். வாசலில் நாற்காலி மாட்டிக்கொண்டது. அப்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தக் கட்டிலில் அன்று மாலையே வேறு ஆள்.

உன் கடிதத்தை நர்ஸ் படித்துக் காட்டினாள். பதில் எழுத ஆள் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை. மறுநாள் பிசியோவிடம், "கையெழுத்துப் போடப் பழகணும்" என்று கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சந்தோஷமாகப் பேனாவைக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அதையேதான் செய்கிறேன். சுழி மட்டும் வரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

இன்று காலை வந்தது. லைசென்ஸில் இருக்கிற மாதிரியே. உடனே தாளை எடுத்து வைக்கச் சொல்லி, விற்பவர் என்ற இடத்தில் போட்டேன். அது ஏதோ விண்ணப்பம் என்று பிசியோ நினைத்திருக்கிறாள். தாளைத் தூக்கி வார்டு முழுக்கக் காட்டினாள். "பாருங்க, எவ்வளவு அழகா போட்டிருக்கார்!" எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்ட முடியாதவர்கள் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தாள் இதோடு இருக்கிறது. நாளை என்னைக் கம்பிகளுக்கு நடுவே நிற்கவைக்கிறார்கள். கட்டணத்தைத் தாமதிக்காமல் கட்டிவிடு.

தம்பி